ரெண்டு பேட்டரி இருந்தும் செல்ஃப் எடுக்கலையா?

மூணு நாள் லீவு. ஃப்ரெண்டோட அண்ணன் ஜீப்புல ஜவ்வாது மலைக்குக் கிளம்புறீங்கன்னு வெச்சுக்குவோம். பானெட்டுக்குள்ள ஒண்ணுக்கு ரெண்டு பேட்டரி. கூரை மேல லைட் பார், பின்னால குட்டி ஃப்ரிட்ஜ், முன்னால வின்ச். 'ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குல்ல மச்சி!'ன்னு ராத்திரி பூரா பாட்டு, லைட்டு, ஜில்லுனு கூல்டிரிங்க்ஸ். விடிஞ்சதும் சாவியைத் திருப்பினா... 'டிக்!' இன்னொரு தடவை திருப்பினா... 'டிக்... டிக்... டிக்...'

ஒரு பேட்டரி படுத்தா சரி, ரெண்டும் எப்படி பாஸ் ஒரே ராத்திரியில படுக்கும்?

தள்ளு ஸ்டார்ட் பண்ணி ஒரு வழியா ஊர் வந்து சேர்ந்ததும் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். 'பேட்டரி வீக், மாத்திடுங்க!' ஆயிரக்கணக்குல செலவு பண்ணி புதுசு வாங்கி மாட்டுவாங்க. ரெண்டே வாரத்துல மறுபடியும் அதே 'டிக்!'

ஏன்னா, பல கேஸ்ல பேட்டரி குற்றவாளியே இல்ல... பாதிக்கப்பட்ட அப்பாவி! நிஜக் குற்றவாளி ஒயருக்குள்ளயோ, ரிலேக்குள்ளயோ கம்முனு உட்கார்ந்திருப்பான். அவனைக் கண்டுபிடிக்க பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் வேணாம். நம்ம லேப்ல தூசி படிஞ்சு கிடக்குற மல்டிமீட்டர் போதும். எப்படின்னு பார்ப்போமா?

நம்ம ஏரியா சமாசாரம்!

இது ஏதோ ஆஸ்திரேலியா பாலைவனத்துக்காரங்க பிரச்னைன்னு நினைச்சுடாதீங்க. ஸ்ரீபெரும்புதூர் - ஓரகடம் ரோட்டுல காலேஜ் பஸ்ல போறவங்களுக்கு ஜன்னலுக்கு வெளியே ஓடுறதே இந்தக் கதைதான். 1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பிச்சது. 2010ல ஓரகடத்துல ரெனோ-நிஸான் ஃபேக்டரி வந்துச்சு. 2012ல அங்கிருந்துதான் டஸ்டர் ரோட்டுக்கு வந்துச்சு. அதே 2012ல டெய்ம்லரோட பாரத்பென்ஸ் லாரி ஃபேக்டரி. 2013ல ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரி. மண் ரோட்டுக்குன்னே பிறந்த ஹிமாலயன் பைக் 2016ல வந்தது. பக்கத்துல மஹிந்திரா சிட்டியில 2012ல திறந்த மஹிந்திரா ரிசர்ச் வேலியிலதான் 2020 மாடல் தார் ஜீப்போட இன்ஜினீயரிங் வேலை நடந்தது. வண்டிகளை டெஸ்ட் பண்றதுக்கு ஓரகடத்துலயே மத்திய அரசோட குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர்.

இவ்வளவு ஃபேக்டரியைச் சுத்தி வெச்சுக்கிட்டு, 'பேட்டரி ஏன் டவுன் ஆச்சு?'ங்கிற கேள்விக்கு நாம முழிச்சா நல்லாவா இருக்கும்?

ரெண்டு ரூம்மேட்... ஒரு வார்டன்!

முதல்ல ஒரு விஷயம். ரெண்டு பேட்டரின்னா ரெண்டு மடங்கு பவர்னு அர்த்தம் இல்ல. ரெண்டுக்கும் வேலையே வேற.

முதல் ஆள், ஸ்டார்ட்டிங் பேட்டரி. இவர் நூறு மீட்டர் ஓட்டப் பந்தய வீரர். உள்ளே மெல்லிசு மெல்லிசா நிறைய தகடு. ஒரு டீசல் ஜீப்பை எழுப்ப 200 ஆம்பியர் வாக்குல மூணு செகண்டுக்குக் கொடுத்துட்டு உட்கார்ந்துடுவார். கணக்குப் போட்டா 600 ஆம்பியர்-செகண்ட். அதாவது 0.17 ஆம்பியர்-ஹவர்தான். நம்பவே முடியலல்ல? வண்டியை ஸ்டார்ட் பண்ண ஆகுற சார்ஜ் அவ்வளவு கம்மி!

ரெண்டாவது ஆள், ஆக்ஸிலரி பேட்டரி. இவர் மாரத்தான் வீரர். தகடு தடிமன். கொஞ்சம் கொஞ்சமா, மணிக்கணக்கா கொடுப்பார். ஃப்ரிட்ஜ், லைட், சார்ஜர் எல்லாம் இவர் தலையில. கார்ல வைக்கிற கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்குது, மூணுல ஒரு பங்கு நேரம்தான் ஓடுதுன்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு 32 ஆம்பியர்-ஹவர். மேல சொன்ன 0.17 கூட ஒப்பிட்டுப் பாருங்க... கிட்டத்தட்ட 190 தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ற சார்ஜை ஃப்ரிட்ஜ் ஒரே நாள்ல குடிச்சுடுது!

இந்த ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல விட்டா என்ன ஆகும்? மாசக் கடைசியில ஒரு ரூம்மேட் பர்ஸ் காலியானா இன்னொருத்தர் பர்ஸுல கை வைப்பார்ல, அதேதான். அதனாலதான் நடுவுல 'ஐசொலேட்டர்'னு ஒரு வார்டன். பெரும்பாலும் இது வோல்டேஜைப் பார்த்து வேலை செய்யுற ரிலே. இன்ஜின் ஓடி, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்த ஆரம்பிச்சு, வோல்டேஜ் 13.3 வாக்குல தொட்டதும் கதவைத் திறந்து ரெண்டு பேரையும் சேர்த்து விடும். இன்ஜின் நின்னு வோல்டேஜ் 12.8க்குக் கீழே இறங்கினதும் கதவைச் சாத்திடும். அப்புறம் ஃப்ரிட்ஜ் எவ்வளவு குடிச்சாலும் ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாது. ரிலேவுக்கு ரிலே இந்த நம்பர் லேசா மாறும், கையேட்டைப் பார்த்துக்குங்க.

ஆக, ரெண்டும் ஒண்ணா படுத்துச்சுன்னா முதல் சந்தேகம் யார் மேல? வார்டன் மேல!

பிரிச்சு விசாரிங்க!

போலீஸ்காரங்க ரெண்டு பேரைப் பிடிச்சா என்ன பண்ணுவாங்க? தனித்தனி ரூம்ல வெச்சு விசாரிப்பாங்க. நாமும் அதே டெக்னிக்தான். ரெண்டும் சேர்ந்திருக்குறப்போ நல்ல பேட்டரி கெட்ட பேட்டரியோட வோல்டேஜைத் தூக்கிப் பிடிச்சு, பொய் சாட்சி சொல்லும்.

முதல் ஸ்டெப்: ரெண்டையும் தனித்தனியா ஃபுல் சார்ஜ் பண்ணி, இணைப்பைக் கழட்டி, ஒரு ராத்திரி சும்மா விடுங்க. மறுநாள் காலையில வோல்டேஜ் பாருங்க. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியா இருந்தா 12.6க்கு மேல இருக்கணும். 12.4ன்னா முக்கால்வாசி. 12.2ன்னா பாதி. 12.0ன்னா கால்வாசிதான் மிச்சம். எதுவுமே மாட்டாம சும்மா இருந்த பேட்டரி 12.2க்கு இறங்கினா, அது நிஜமாவே வீக். இறங்கலைன்னா பேட்டரி நிரபராதியா இருக்க வாய்ப்பு அதிகம்!

ரெண்டாவது ஸ்டெப்: இணைப்பை மாட்டி இன்ஜினை ஓட விடுங்க. ஸ்டார்ட்டிங் பேட்டரியில 13.8ல இருந்து 14.4க்குள்ள வந்தா ஆல்டர்னேட்டர் ஓகே. இப்போ ஆக்ஸிலரியில வைங்க. அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு காட்டணும். ஒண்ணு 14.2, இன்னொண்ணு 12.4ன்னு காட்டுதா? வார்டன் கதவைத் திறக்கல. இல்லைன்னா வழியில ஃப்யூஸ் போயிருக்கு, ஒயர் அறுந்திருக்கு. ஆக்ஸிலரி பல நாளா சார்ஜே ஏறாம பட்டினி கிடந்திருக்கும், பாவம்.

மூணாவது ஸ்டெப்: இன்ஜினை ஆஃப் பண்ணி அரை மணி நேரம் கழிச்சு, ஆக்ஸிலரியில இருக்குற லைட், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் போடுங்க. ஆக்ஸிலரி வோல்டேஜ் 12.5க்கும் கீழே இறங்குற வரைக்கும் பொறுங்க. கூடவே ஸ்டார்ட்டிங் பேட்டரியும் இறங்கிக்கிட்டே வருதா? அப்போ ரிலேவோட காண்டாக்ட் ஒட்டிக்கிச்சு. வின்ச் ஃபுல் லோடுல 400 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அந்த கரன்ட் சின்ன ரிலே வழியா பாய்ஞ்சா காண்டாக்ட் வெல்டு ஆகத்தான் செய்யும். நாம முதல்ல பார்த்த மலை கேஸ் பெரும்பாலும் இதுதான்.

இங்கே ஒரு ட்விஸ்ட். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தப்புறம் பல வண்டிகள்ல 'ஸ்மார்ட்' ஆல்டர்னேட்டர். பெட்ரோல், டீசலை மிச்சம் பிடிக்க, ஸ்டார்ட்டிங் பேட்டரி நிறைஞ்சதும் வோல்டேஜைக் குறைச்சிடும். பிரேக் பிடிக்கும்போது ஏத்தும். வோல்டேஜ் 13.3 தொடாம இருந்தா பழைய டைப் ரிலே கதவைத் திறக்கவே திறக்காது! எல்லா பார்ட்டும் புதுசு, எதுவுமே கெடல, ஆனாலும் ஆக்ஸிலரி சார்ஜ் ஏறாது. இதுக்கு மருந்து, டிசி-டிசி சார்ஜர். கிடைக்கிற வோல்டேஜை ஏத்தி இறக்கி, ஆக்ஸிலரிக்குத் தேவையான அளவுல கொடுக்கும். லித்தியம் பேட்டரி வெச்சா அதுக்கேத்த சார்ஜர் கட்டாயம்.

ராத்திரித் திருடன்!

வார்டனும் நல்லவர், ஆல்டர்னேட்டரும் ஓகே, அப்பவும் நிறுத்தி வெச்ச வண்டி டவுன் ஆகுதா? யாரோ தூங்காம கரன்ட் திருடுறாங்க.

நாலாவது ஸ்டெப்: எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கொடுங்க. ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருக்குற இணைப்பு கழண்டே இருக்கணும். அப்புறம் ஒவ்வொரு பேட்டரியோட நெகட்டிவ் ஒயர்லயும் தொடரா மீட்டரைப் போட்டு கரன்ட் பாருங்க. ஒயரைக் கழட்டி மீட்டர் மாட்டினதும் சில கம்ப்யூட்டர் முழிச்சுக்கும். திரும்பத் தூங்குற வரைக்கும் பொறுத்து அளவு எடுங்க. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா நார்மல். கடிகாரம், ரிமோட் லாக் எல்லாம் அவ்வளவு குடிக்கும்.

அதுக்கு மேல போனா என்ன? வாங்க கணக்குப் போடுவோம். 50 மில்லி ஆம்பியர்னா ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பாதியாக 25 நாள் ஆகும். அதுவே 500 மில்லி ஆம்பியர்னா ஒரு நாளைக்கு 12. ரெண்டரை நாள்ல பாதி, அஞ்சு நாள்ல மொத்தமும் காலி! ஸ்விட்ச் ஆஃப் பண்ண மறந்த இன்வெர்ட்டர், ஜி.பி.எஸ். டிராக்கர், நிறுத்தின பிறகும் படம் பிடிக்கிற டேஷ்கேம், ஆம்ப்ளிஃபையர்... இவங்கதான் வழக்கமான திருடர்கள்.

ஃப்யூஸை ஒவ்வொண்ணா பிடுங்கினா கண்டுபிடிச்சிடலாம். ஆனா, பிடுங்குற சத்தத்துல தூங்குற கம்ப்யூட்டர் மறுபடி முழிச்சுக்கும். அதனால, மீட்டரை மில்லிவோல்ட்ல வெச்சு, ஃப்யூஸ் தலையில தெரியுற ரெண்டு முனையில தொடுங்க. ஜீரோன்னா அந்த வழியில கரன்ட் போகல. ஏதாவது நம்பர் காட்டினா, திருடன் அந்த வீட்டுக்குள்ள!

ஃப்யூஸ் பாக்ஸுல யாருமே மாட்டலையா? ரெண்டு இடம் பாக்கி. ஒண்ணு, நேரா பேட்டரி டெர்மினல்ல இழுத்துக் கட்டின எக்ஸ்ட்ரா ஃபிட்டிங். இன்னொண்ணு, ஆல்டர்னேட்டருக்குள்ள இருக்குற டயோடு. அது கெட்டா இன்ஜின் நின்ன பிறகும் கரன்ட் பின்னோக்கிக் கசியும். எலக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல 'ரிவர்ஸ் லீக்கேஜ்'னு ரெண்டு மார்க்குக்கு எழுதுவோமே, அதே சங்கதிதான்!

12.6 காட்டுது, ஆனா செல்ஃப் எடுக்கல!

இதுதான் எல்லாரையும் குழப்புற கேஸ். மீட்டர் 12.6 காட்டும். புது பேட்டரிதான். ஆனாலும் 'டிக்!' இதுக்கு ஓம் விதி போதும். சேறு, தண்ணி, குலுக்கல்... எல்லாம் சேர்ந்து லக் லூஸாகி, டெர்மினல் பூத்துப் போய், 0.01 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சுன்னு வைங்க. 200 ஆம்பியர் பாயும்போது அங்கேயே 2 வோல்ட் அவுட்! சும்மா இருக்கும்போது கரன்ட் பாயாததால இந்த நஷ்டம் மீட்டர்ல தெரியவே தெரியாது.

அதனால அஞ்சாவது ஸ்டெப்: ஒருத்தர் செல்ஃப் அடிக்க, இன்னொருத்தர் மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் மறுமுனையை இன்ஜின் உடம்புலயும் வெச்சு வோல்டேஜ் பாருங்க. 0.2க்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. பெயின்ட் மேலயே எர்த் லக்கை முடுக்கி வெச்சிருப்பாங்க. சுரண்டி, பளபளன்னு இரும்பு தெரிஞ்சதும் முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினா செலவு சில ரூபாய்தான்.

ஜாக்கிரதை மேட்டரும் சொல்லிடறேன். கரன்ட் பார்க்க மீட்டர் தொடர்ல இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீங்க. பெரும்பாலான மீட்டர் 10 ஆம்பியர்தான் தாங்கும். மோதிரம், வளையல், ஸ்டீல் வாட்ச் கழட்டிடுங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. சார்ஜ் ஏறுற பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்துல தீப்பொறி கூடவே கூடாது.

லாரியில வேற கதை

ஓரகடம் ஜங்ஷன்ல நிக்கிற பெரிய டிப்பர் லாரியிலயும் ரெண்டு பேட்டரிதான். கல் குவாரிக்குள்ள இறங்கி ஏறுறதால அதுவும் ஆஃப்-ரோடு வண்டிதானே! ஆனா, இங்கே ரெண்டு 12 வோல்ட்டும் தொடரா சேர்ந்து 24 வோல்ட். டிரைவர் அண்ணன்களுக்குப் பாட்டு கேட்கணும், ஃபேன் ஓடணும். அதெல்லாம் 12 வோல்ட் சாமான். என்ன பண்றாங்க? ஒரு பேட்டரியில இருந்து மட்டும் ஒயர் இழுத்துடுறாங்க.

2 ஆம்பியர்ல பத்து மணி நேரம் ஓடினா அந்த ஒரு பேட்டரியில மட்டும் 20 ஆம்பியர்-ஹவர் காலி. ஆல்டர்னேட்டருக்கு இது தெரியாது. அது மொத்தமா 28 வோல்ட்தான் பார்க்கும். காலியான பேட்டரி 13ல நின்னா, மத்தது 15க்குப் போய்க் கொதிச்சு தண்ணி வத்தும். ஒருத்தர் பட்டினியில, இன்னொருத்தர் அஜீரணத்துல... ரெண்டு பேருமே காலி! ஒண்ணை மட்டும் மாத்தினா பழசு புதுசையும் கெடுக்கும். 24ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் போட்டுட்டா பாட்டும் கேட்கலாம், பேட்டரியும் பிழைக்கும்.

எலெக்ட்ரிக் காருக்கும் இதே தலைவலி உண்டு. சீட்டுக்குக் கீழே எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும், கம்ப்யூட்டர்களை எழுப்புறது ஒரு குட்டி 12 வோல்ட் பேட்டரிதான். 2024ல ஹூண்டாய் இந்தியாவுல 1,744 அயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைச்சது. காரணம், பெரிய பேட்டரியில இருந்து சின்னதுக்கு சார்ஜ் கொடுக்குற கன்ட்ரோல் யூனிட்ல கோளாறு வந்தா 12 வோல்ட் பேட்டரி இறங்கிடலாம்கிறதுதான். ஜீப்போ எலெக்ட்ரிக் காரோ, ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருக்குற ஆள் சரியா இருக்கணும்!

தூக்கிப் போட்ட பேட்டரி எங்கே போகுது?

'அட, சந்தேகமா இருந்தா மாத்திட்டுப் போக வேண்டியதுதானே!'ன்னு கேட்கலாம். பர்ஸ் விஷயம் மட்டும் இல்லீங்க. லெட்-ஆசிட் பேட்டரியோட எடையில பாதிக்கு மேல ஈயம். முறையான ஆலையில உருக்கினா அது திரும்பவும் பேட்டரி ஆகிடும். ஆனா, எங்கேயோ ஒரு கொட்டகையில உடைச்சு உருக்கினா ஈயம் மண்ணுலயும் காத்துலயும் கலக்குது. 2020ல யுனிசெஃப்பும் 'பியூர் எர்த்' அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில, உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடி குழந்தைகளுக்கு, ரத்தத்துல ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருக்குன்னு சொன்னாங்க. முறையில்லாம பேட்டரி உடைக்கிறதும் அதுக்கு ஒரு முக்கியக் காரணம். ஈயம் குழந்தைகளோட மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

நம்ம நாட்டுல 2022ல பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் வந்திருக்கு. பழசைத் திரும்ப வாங்கி, முறையா மறுசுழற்சி பண்ற பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அதனால நிஜமாவே செத்துப்போன பேட்டரியைக் கடையிலயே கொடுத்துட்டு, பில்லுல கழிச்சுக்குங்க. சாகாத பேட்டரியைச் செத்துச்சுன்னு தூக்கிப் போடாம இருக்குறது அதை விட நல்லது.

ரிச்சி ஸ்ட்ரீட்டுல சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்குது. ஒரு சினிமா, ஒரு பிரியாணியைத் தியாகம் பண்ணினா வாங்கிடலாம். 2007ல இருந்து நடக்குற 'பாஹா' போட்டிக்கு நம்ம காலேஜ்கள்ல ஆஃப்-ரோடு வண்டி கட்டுற டீம் இருக்கும். மெக்கானிக்கல் பசங்கதான் கூட்டமா இருப்பாங்க. ஒயரிங் பார்க்க ஆள் தேடுவாங்க. இ.இ.இ., இ.சி.இ. மக்கள் தைரியமா உள்ளே போங்க. ஓரகடம் கம்பெனி இன்டர்வியூவுல 'பேட்டரி அடிக்கடி டவுன் ஆகுது, என்ன பண்ணுவீங்க?'ன்னு கேட்டா 'மாத்துவேன் சார்'னு சொல்றவங்க நிறைய பேர் வருவாங்க. 'முதல்ல ரெண்டையும் பிரிச்சு, தனித்தனியா அளப்பேன் சார்'னு நீங்க சொல்லிப் பாருங்க.

இந்த வாரமே வீட்டுல நிக்கிற வண்டியில ஆரம்பிங்க. காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை. ரெண்டு நம்பரையும் தேதி போட்டு நோட்டுல எழுதி வைங்க. அப்பா 'என்னடா பண்ற?'ன்னு கேட்டா, 'டாக்டர் பி.பி. பார்க்குற மாதிரிப்பா'ன்னு சொல்லுங்க!